ஆறு பத்தும் ஆறு பன்னிரண்டும்

எங்கள் வட்டையில், அதாவது ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்வெளியில், ஆறு போகமாக நான்தான் வட்டை விதானை. குளத்தின் மதகான துருசைத் திறந்து தண்ணீர் விடுவதும், அதை வயற்காரரின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பதும் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். துருசடியில் சிக்னல் இல்லாததால் குளக்கட்டில் ஏறி அனுப்புவேன்.

சென்ற சிறுபோகத்தில், கோடைச் செய்கையின்போது, ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் முளைத்தது. நடத்துவது யாரென்று எவருக்கும் தெரியாது. குளத்துத் தண்ணீரைக் களவாக வேறு பக்கம் திருப்பப் போகிறார்கள் என்று அது நாள் முழுக்க எழுதியது. ஒரு காலை, எனக்கு மச்சான் முறையான உழவு மெசின்காரர் குழுவில் இரண்டு படங்களைப் போட்டார். நான் அறிவித்தது ஆறு பத்துக்கு. அந்தப் பக்கம் எழுதியது ஆறு பன்னிரண்டுக்கு. இரண்டு நேரத்தையும் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“ரெண்டு நிமிசம்! சும்மா நடக்குமா கா? இவர் திறக்கிறார், அவனுகள் எழுதுறானுகள். ரெண்டு பேரும் கூட்டு.”

எனக்குச் சட்டென்று வாய் வராது. பேசாமல் இருந்தேன், அதையே சாட்சியாக்கினார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு மணித்தியாலம் பிந்தி அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் அந்தப் பக்கமும் எழுதியது. “விதானையார் நேரத்த மாத்திப் பாக்கிறார்” என்று சிரித்தார்கள். அறுவடை முடிந்து நடக்கும் கூட்டத்தில் வேறு விதானையைத் தெரிவுசெய்வதாகப் பேச்சு அடிபட்டது.

எனக்கு விட மனமில்லை. தண்ணீர் முறை எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில், ஒரு கிழமை, அந்தப் பக்கம் எழுதிய நேரங்களையெல்லாம் குறித்தேன். காலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. யார் எப்போது எதை அனுப்பினாலும் அந்த நேரத்துக்கு அருகில் பக்கத்தின் பதிவு ஒன்று நிற்கும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். எழுந்து கொப்பியின் பின்பக்கத்தைப் பிரித்தேன்.

“மச்சான், உங்கட எருமையக் காணல்லண்டு குழுவில போட்டீங்களே, எத்தின மணிக்கு?”

அவர் போனைத் தடவினார். “ஏழு அஞ்சு. அதுக்கென்ன?”

“பக்கம் எழுதினது ஏழு ஆறு.”

“அப்ப எருமையும் கூட்டுத்தான் கா!” என்றது பின்வரிசை. மண்டபமே சிரித்தது.

மச்சான் சிரிக்கவில்லை. “ஒருக்கா எண்டாத் தற்செயல். உனக்கு எத்தின தரம்!”

“எல்லாரும் தங்கட போனப் பாருங்க. கிட்ட ஒண்டு நிண்டா மறுகா கைய உயர்த்துங்க.”

கொஞ்ச நேரம் தலைகள் குனிந்திருந்தன. “நான் பசளை வந்திட்டா எண்டு கேட்டதுக்கும் ஒண்டு நிக்குது” என்றார் வயல் செய்யும் ஓர் அக்கா. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மச்சானின் கை மடியிலேயே கிடந்தது.

“சிரிக்க வெச்சுத் தப்பிட்டாய்” என்றார் மச்சான் வாசலில்.

“அடுத்த போகத்துக்கு முதல் தண்ணி விடுற அண்டைக்கு வாங்க. நீங்களே அனுப்புங்க.”

வந்தார். குளக்கட்டில் நின்று அவரே அனுப்பினார். நேரத்தைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் பிந்தி அங்கே ஒன்று நின்றது. நான் வாய்க்காலோடு கீழே நடந்தேன். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர இன்னும் நேரம் கிடந்தது.