ஜோடி நாற்காலி

அவனும் நானும் இலங்கையில் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டுக்காரர்கள். எங்களைக் கூட்டாளிகள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். புருஷன் பெண்சாதி போல நேசித்தது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி அவன் குடும்பம் இந்தியா போக வேண்டுமென்று உத்தரவு வந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்க இருவருமாகப் பதுளை ஸ்டூடியோவுக்குப் போனோம். முதலாளி அவனை உடனே எடுத்து முடித்தார்.

“இப்ப அவன் நாற்காலியில உக்காரட்டும். நான் தோள்ல கை வச்சு நிக்கிறேன்,” என்றேன். கல்யாண ஜோடிகளை அப்படித்தான் எடுப்பார்கள்.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தார்.

“சாமிக்கு ஆகாது தம்பி. கூட்டாளிங்க மாதிரி தள்ளி நில்லுங்க, எடுக்கிறேன்.”

“சாமி உங்களுக்கு. கடை எல்லாருக்கும்தானே?”

“கடையும் என்னோடதுதான்.”

“தள்ளி நிக்க வேணாம், வா,” என்று அவன் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். பஸ் ஏறும்வரை விடவில்லை. ஆண்கள் கைகோத்து நடப்பதைக் கடைவீதியில் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அவர் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவனை என்னிடமிருந்து அனுப்பிவைக்கிற படத்தை எடுக்கும்போது எந்தச் சாமியும் குறுக்கே வரவில்லை. அந்தப் படம் அவனோடு கப்பலேறிப் போய்விட்டது.

எனக்கு அவன் முகம் மறந்துகொண்டே வருகிறது.