கோட்டையில் பெண் பார்த்தது

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து குடியிருப்பது அந்த வீட்டில்தான். பெரியகல்லாற்றில் எனக்கென்று கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அடுத்த வருடம் கிரானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது தகரக் கொட்டிலில் இருந்தோம். புதுவீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்தது. அதற்குக் கூரை ஏறியது யுத்தமும் முடிந்த பிறகுதான். அம்மாவோ, சுவரெல்லாம் எழும்பிவிட்டது, கூரைதான் பாக்கி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இனிக் கொட்டிலை அவர்கள் கண்ணில் காட்டக் கூடாது. ஊர்க் கோயிலில் சந்தித்தால், வந்த கையோடு வீட்டையும் பார்ப்போம் என்பார்கள். அம்மா மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த இடம் மட்டக்களப்புக் கோட்டை. அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கோட்டைக்குள்தான் அப்போது கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகம் இருந்தது. அலுவல் இருந்தால் போவோமே தவிர, மதிலைப் பார்க்க யார் போனார்கள்? "கோட்டை பாக்க வந்தம்" என்று அம்மா சொன்னதும், வாசலில் அடையாள அட்டையை வாங்கியவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு மானம் போனது.

மாப்பிள்ளையும் அவருடைய தாயும் வந்திருந்தார்கள். மதில்மேல் நடந்தோம். கல் இடுக்கெல்லாம் செடி முளைத்திருந்தது. துருப்பிடித்த பீரங்கி ஒன்று வாவிப் பக்கம் வாயை வைத்துக் கிடந்தது. அவருடைய தாய் மதிலைத் தட்டிப் பார்த்து, "என்ன தடிப்புச் சுவர்!" என்றார்.

"எங்கட வீட்டுச் சுவரும் நல்ல தடிப்புத்தான்" என்றார் அம்மா, கொஞ்சமும் கூசாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாய்மார் இருவரும் நிழலுக்கு ஒதுங்கியதும் நான் அவரிடம் நேரே சொல்லிவிட்டேன். "வீடு ஒண்டும் இல்ல. அம்மா சொன்னது பொய். நாங்க கொட்டில்லதான் இரிக்கம்."

"தெரியும்" என்றார். "நேத்து உங்கட ஊருக்கு வந்து பாத்துட்டுத்தான் போனன்."

"என்னையுமா?"

"ஓம். தண்ணி கொண்டு வந்த பவுசர்காரனோட சண்டை பிடிச்சிட்டு நிண்டீங்க."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. "பிறகும் ஏன் வந்தீங்க?"

"வரவேணும் போல இரிந்திச்சு. எங்கட அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது, சொல்லிப்போடாதீங்க. மெல்ல மெல்ல நான் சொல்லுறன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போகும் நேரம் அவருடைய தாய், "அப்ப, வீடு எப்ப முடியும்?" என்று கேட்டார். "தை பிறந்தா முடிஞ்சிரும்" என்ற அம்மாவின் குரல் முதன்முறையாக நடுங்கியது. பாவமாக இருந்தது.

படியிறங்கும்போது அவர் தன் தாயை முன்னே போகவிட்டார். அதுவரை அம்மாவை அன்ரி, அன்ரி என்று கூப்பிட்டவர், அம்மாவின் காதோடு சொன்னார்: "யோசிக்காதீங்க மாமி. சுவர் வைக்க நானும் வாறன்."

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.