நாலு கிளிக் தள்ளி

ஹைதராபாத்தில் என் ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியை நிறுத்துவதில் தொடங்குகிறது. மாதாப்பூர் வெயில் ஜன்னலில் சாய்ந்து நிற்கும், மே மாதமாகவே இருக்கும், இருந்தாலும் விசிறியை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் நகைத் தராசை வைப்பேன். ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடை பார்ப்பேன். காற்று பட்டால் தராசின் கடைசி எண் தூக்கத்தில் புரள்வதுபோல் புரளும். வீட்டு வேலைக்கு வரும் லட்சுமி முதல் நாள் பார்த்துவிட்டு, "மந்துலா மேடம்?" என்றாள். மருந்தா என்று கேட்கிறாள். என் அரைகுறைத் தெலுங்கில் துப்பாக்கி, போட்டி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள், வேளைக்கு எத்தனை என்றாள். நாற்பது என்றேன்.

பொய்யில்லை. நாற்பது குண்டுதான் ஒரு போட்டி. கோயம்புத்தூர் கிளப்பில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அங்கே வருடாந்தரப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்தால், மாநிலப் போட்டியில் ஊர்ப் பெயரோடு நிற்கலாம். பதினோரு வருடமாக ஆதாரிலும் கரண்ட் பில்லிலும் நான் தெலங்கானாக்காரி. ஒரே ஒருமுறை என் பெயருக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் என்று அச்சாகிப் பார்க்க வேண்டும். போன வருடம் இரண்டு மதிப்பெண்ணில் கைநழுவியது.

கல்லூரி என்.சி.சி.யில் சுட்டபோது குண்டைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. கையில் கொடுத்ததைப் போட்டுச் சுட்டோம். பட்டால் நாங்கள், படாவிட்டால் துப்பாக்கி. இப்போது தெரிகிறது, ஒரே கம்பெனியின் குண்டு என்றாலும் வேறுவேறு நாளில் வார்த்தது வேறுவேறு குணம். என் துப்பாக்கிக்குப் பிடித்த டப்பா எது என்று தேடி மூன்று மாதம் அலைந்தேன். நாலு டப்பா, ஒவ்வொன்றிலிருந்தும் ஐம்பது, வரிசையாகச் சுடுவேன். எந்த வாரமும் கடைசி டப்பாதான் மோசம். அதைத் தூக்கிப்போட்டு, வேறு வாங்கி, கன்னம் பதிக்கும் கட்டையையும் நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து.

மௌலா அலி பக்கம் தகரக் கொட்டகைதான் எங்கள் பயிற்சிக் கூடம். பக்கத்துத் தடத்தில் சுடுகிற ரஹீம் பாய்க்கு லாலாகுடா ரயில்வே பணிமனையில் கடைசல் வேலை. குண்டுத் துளைகள் சிதறிய என் இலக்கு அட்டைகளைப் பார்த்து ஒருநாள், "டப்பா தக்கயா கீ, தும் தக்கயே?" என்றார். களைத்தது டப்பாவா, நீயா என்று அர்த்தம்.

"குண்டு சரியில்லை பாய்."

"நக்கோ மேடம். ஐம்பது கைக்கு? பாஞ்ச் பாஞ்ச் மாரோ."

ஒரேயடியாக ஐம்பது எதற்கு, ஐந்தைந்தாகச் சுடு என்கிறார். ஒவ்வொரு டப்பாவிலும் ஐந்து. பிறகு மறுபடி முதல் டப்பா. இப்படி மூன்று சுற்று. தோள் வலித்தால் நாலுக்கும் சமமாக வலிக்கும். வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. சாப்ட்வேர் சோதிப்பதுதான் என் பிழைப்பு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணமென்று எப்படித் தெரியும் என்று ஆபீசில் அன்றாடம் கத்துகிறவள் நான். அவரிடம் அதைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவருக்கு. ஐந்து குண்டு நெருங்கி விழுவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று, அதில் தேறி மிஞ்சிய இரண்டு டப்பாக்களுக்கு மட்டும் அடுத்த ஞாயிறு நீண்ட பரீட்சை வைத்தேன். இரண்டே வாரத்தில் என் டப்பா கிடைத்துவிட்டது.

கோயம்புத்தூரில் தங்கை வனிதா கிளப் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, குண்டுக்கெல்லாம் எடை போட்டு, சோறூட்டிக் கூட்டிட்டு வந்துட்டியாக்கும்?"

போட்டிக்கு முந்தைய பயிற்சிச் சுற்றில் ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒரே துளை. ஆனால் அந்தத் துளை மையத்தில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. அதே டப்பா, அதே கண், அதே மூச்சு. கொட்டகையின் டியூப்லைட்டுக்குப் பழகிய கண்ணை, இங்கே ஒருபக்க ஜன்னலிலிருந்து வந்த காலை வெளிச்சம் ஏமாற்றியிருந்தது. குறியை இடம் வலம் நகர்த்தும் பார்வைத் திருகை நாலு கிளிக் நகர்த்தினால் போதும். கை போகவில்லை. பிறந்த ஊர் வெளிச்சத்தில் எனக்குக் குறி தப்புகிறது என்று நானே கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது.

"நேரம் போகுதுக்கா, திருகு," என்றாள் வனிதா பின்னாலிருந்து.

திருகினேன். அடுத்த ஐந்து மையத்தில். அப்புறம் நாற்பதும் கனவில் இறங்கும் படிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தகுதி மதிப்பெண்ணுக்கு மேலே ஒன்று. பெயர் எழுதியவர், "எந்த ஊருங்க மேடம்?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். "அது சரிங்க, இப்ப எங்கிருந்து வந்திருக்கீங்க?"

ஹைதராபாத் என்று சொன்னதை அவர் எழுதவில்லை, பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

ரயிலில் அந்தப் பயிற்சி அட்டையை மடியில் வைத்திருந்தேன். ஹைதராபாத் திருகில் ஐந்து, கோயம்புத்தூர் திருகில் ஐந்து. முழுசாகப் பிரியவுமில்லை, ஒன்றாகவுமில்லை. நடுவில் இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலைபோல ஒரே கிழிசல். விரலை அந்த ஒடுக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடமும் வலமும் துளைதான், காகிதம் எந்தப் பக்கமும் இல்லை.