நோட்டில் எழுதாத சாவு

லென் புரூவரை நேற்றுப் புதைத்துவிட்டு வந்தோம். அதற்கு முன் அவன் சாவதை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளே ஐந்து தடவை செத்தான். காலையில் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து. பிறகு வயிற்றில் வாள் வாங்கி. மதியம் படிக்கட்டில் தலைகீழாக உருண்டு, மூன்று முறை. கடைசி உருளலில் பல் ஒன்று உடைந்தது. அதைத் துப்பிவிட்டு அடுத்த சண்டைக்குப் போய் நின்றான்.

ஐம்பத்தாறாம் வருடம் அது. தேம்ஸ் கரையில் ஒரு ஸ்டூடியோவில், தொலைக்காட்சிக்காக வாள்வீரன் தொடர் எடுத்துக்கொண்டிருந்தோம். வாரம் ஒரு கதை. சண்டைக்காரர்கள் ஆறே பேர். தொப்பியை மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வந்து சாவார்கள். அதனால் ஒரு விதி: சாகும்போது முகம் தெரிந்துவிட்டால் அந்த ஆள் அந்தக் கதையில் திரும்ப முகம் காட்டக் கூடாது. யார் எந்தக் காட்சியில் செத்தார்கள், முகம் தெரிந்ததா என்று நோட்டில் எழுதுவது என் வேலை.

லென்னின் முகம் ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. அவன் அம்மா ஐவி ஒவ்வொரு ஞாயிறும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்துத் தொடரைப் பார்ப்பாள். “உன் பையனுக்கு ஆண்டவன் முதுகை மட்டுந்தான் குடுத்தான் போல, ஐவி” என்று அவர்கள் சிரிப்பார்களாம்.

ஒரு வாரம் அவனுக்குக் காவல்படைத் தலைவன் வேடம் கிடைத்தது. வியாழக்கிழமை எடுக்கப்போகும் ஒரே ஒரு சண்டை. தொப்பி கிடையாது. கேமராவை நேராகப் பார்த்துச் சாக வேண்டும்.

ஆனால் திங்களன்று, அதே கதையில் சாதாரணச் சிப்பாயாகப் படிக்கட்டில் உருண்டபோது தொப்பி நழுவிவிட்டது. நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்தான்.

“மேவிஸ், தங்கமே, அதை எழுதிடாத.”

“தெரிஞ்சுதே, லென்.”

“கண்ணு சிமிட்டுற நேரம். எவன் பாக்கப்போறான்? எழுதினா அந்த வேஷம் போயிரும். எங்கம்மா அந்தப் பொம்பளைங்க முன்னாடி ஒரு நாள் நிமிர்ந்து உக்காரட்டும். செத்தவன் கேக்குறேன்னு வெச்சுக்கோ.”

‘முகம் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

வியாழன் சண்டையில் இருபது வெட்டு. பதினொன்றாவதில் கதாநாயகன் ஹியூகோவின் வாள் நுனி ஒடிந்தது. யாரும் கவனிக்கவில்லை. பதினான்காவது வெட்டு இடப்பக்கம் போக வேண்டும். ஹியூகோ மறந்துபோய் வலப்பக்கம் வீசினான். ஒடிந்த எஃகு லென்னின் கன்னத்தை உதட்டிலிருந்து காதுவரை கிழித்தது. துணி கிழிகிற மாதிரியே சத்தம். பிளவு வழியாகப் பல் தெரிந்தது.

ஹியூகோ உறைந்துபோனான். டைரக்டர் நிறுத்தச் சொல்லவில்லை.

“வெட்டுடா, நாயே!” என்று லென் வாயோரம் உறுமி, ஹியூகோவின் வாளை ஓங்கி அடித்தான். மிச்சம் ஆறு வெட்டையும் முடித்தான். கடைசிக் குத்தை நெஞ்சில் வாங்குகிற மாதிரி வாளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். இரத்தம் ஒழுகும் முகத்தைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி மூன்று எண்ணிவிட்டு விழுந்தான்.

நான் ஓடிப்போய் என் கழுத்துத் துணியை வைத்து அழுத்தினேன்.

“தெரிஞ்சுதா?” என்றான்.

“தெரிஞ்சுது.”

இருபத்திரண்டு தையல். வீட்டுக் கூடத்துக்குள் இரத்தம் வரக் கூடாது என்று ஒளிபரப்புக்காரர்கள் அந்தத் துண்டை வெட்டி எறியச் சொன்னார்கள். மறுநாள் வேறொருவன், தொப்பி போட்டு, முதுகைக் காட்டிச் செத்தான்.

அந்தக் கதை வந்த ஞாயிறு லென் என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. தன் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. படிக்கட்டுக் காட்சி வந்ததும் ஐவி எழுந்தே விட்டாள்.

“அதோ! அதோ என் லென்!”

“அடியாத்தி, அவனேதான்!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “ஆனா அதுக்குள்ள செத்துட்டானே, ஐவி?”

“அவன் வேலையே அதுதானடி.” ஐவி திரையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். “கன்னத்துல ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா?”

லென் என் பக்கம் சாய்ந்தான். “நல்லவேளை, அதை நீ எழுதல.”

எழுதியிருந்தாலும் படிக்கட்டில் இதே முகம் வந்திருக்கும்; தலைவன் வேஷம் மட்டும் போயிருக்கும், அந்தக் கன்னம் முழுசாக இருந்திருக்கும். அதை நான் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.