சாவு வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்

எங்கள் தெருவில் யாராவது செத்துப்போனால், பிணத்தை எடுக்கிற வரைக்கும் தறி ஓடக் கூடாது. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவும் வேண்டாம். சங்குச் சத்தம் கேட்டால் கால் தானாகத் தறி மிதியை விட்டு எழுந்துவிடும். மீறியவனிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். ஒருமுறை தெருக்கோடியில் சாவு. நடுவீட்டுக்காரன் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு நெய்தான். அவன் வாசலில் நின்று, "நீ சோறுதான் துன்றியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்திவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் செத்தது ஐப்பசி மழையில். விடியற்காலையில் பல் துலக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சொந்த அண்ணன் இல்லை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் தறி, இந்தப் பக்கம் என் தறி. முப்பது வருடமாக ஒருவர் சத்தத்தை ஒருவர் கேட்டுக்கொண்டே நெய்தோம். என் தறி கொஞ்ச நேரம் நின்றால் சுவரைத் தட்டி, "இன்னாபா, இழை அறுந்துச்சா?" என்பார். அந்த மனுஷனைக் குளிப்பாட்டித் தூக்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். அழுதேன். அதில் பொய் இல்லை.

மகள் துபாயிலிருந்து வர வேண்டும், மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் எடுப்பது என்று முடிவானது. அதைக் கேட்ட உடனே என் மனசுக்குள் வந்தது என்ன தெரியுமா? அண்ணன் இல்லை. துபாய் மகள் இல்லை. தறியில் பாக்கியிருந்த ஒரு சாண் முந்தானை.

பக்கத்து ஊரான ஓரிக்கைப் பெண் ஒருத்தியின் கல்யாணப் புடவை அது. அவள் தாத்தா காலம் வரை அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாட்ஸ்அப்பில் என் புடவைப் படத்தைப் பார்த்துத் தேடி வந்தாள். தந்த நிற உடல், அரக்குக் கரை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் அம்மாவோடு ஸ்கூட்டியில் வந்து, தறியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். தொடுவதற்கு முன்னால் கையைப் போட்டிருக்கிற சுடிதாரில் துடைத்துக்கொள்வாள். "எங்க வீட்ல பட்டுன்னு ஒண்ணு இதுதாங்க மொதத் தடவ" என்று அவள் அம்மா சொன்னாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கல்யாணம். அதனால் அண்ணன் செத்த அன்றே சாயந்தரம் ஆறு மணிக்குள் புடவை அவள் கைக்குப் போக வேண்டும். நான்கு நாள் மழையில் பாவு ஈரம் குடித்து இழையோடு இழை ஒட்டிக்கொண்டதால் வேலை பின்தங்கியிருந்தது. மேற்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல். எங்கள் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய எதிர்ப்பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து கரை இழை ஓடுகிற நாடாவைத் தள்ள வேண்டும். எனக்கு அந்த ஆள் என் மனைவி. அவளோ சாவு வீட்டில் அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் நின்று ஜாடை காட்டினேன். ஏதோ அவசரம் என்று நினைத்து எழுந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ, மனுசனாய்யா நீ?" என்றாள். "அங்க பொணம் கெடக்குது."

"ஓரிக்கப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எங்கள் வீட்டுக்குள் போய்த் தறியில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் ஏன் வந்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் அதே கேள்வி திரும்பி வரும்.

பழைய வேட்டியைக் கிழித்துப் பலகையில் சுற்றினேன். குறுக்கே ஓடுகிற ஊடை இழையை அடித்து நெருக்குகிற பலகை அதுதான். சத்தம் போடுவதும் அதுதான். வெளியே சாவு மேளம் வந்திருந்தது. அதுவும் வசதியாகப் போயிற்று. மேளம் முழங்கும்போது ஓங்கி அடித்தேன். அவர்கள் டீ குடிக்கப் போனதும் பூனை மாதிரி மெல்லத் தட்டினேன். மெல்லத் தட்டினால் நெசவு இளகும், ஓங்கி அடித்தால் இறுகும். அந்த ஒரு சாண் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மேளக்காரர்கள் எங்கெங்கே டீ குடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். உடுத்தப் போகிறவளுக்குத் தெரியாது.

என் மனைவி முழு நேரமும் அழுதுகொண்டே நாடா தள்ளினாள். ஒரு இழை தப்பவில்லை. எனக்கும் நடுநடுவே கண் கலங்கியது. ஆனால் கண்ணீர் பட்டுமேல் விழுந்தால் கறையாகுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துக்கத்திலேயும் எனக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை பாருங்கள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

ஆறு மணிக்குப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பஸ் நிறுத்தத்தில் கொடுத்தேன். அந்தப் பெண் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. பையோடு மார்பில் அணைத்துக்கொண்டாள். திரும்பி வந்து சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மறுநாள் பாடைக்கு முன்பக்கம் வலது தோள் என்னுடையது.

அதற்குப் பிறகு அண்ணியை நேராகப் பார்க்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லாதது வேறு என்னைக் கொன்றது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டேன், பாத்திரம் சுமந்தேன், யாரும் கேட்காத வேலையெல்லாம் செய்தேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு கடைசியாக எனக்கு இலை போட்டார்கள். அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ தறி ஓட்டிக்கினு இருந்த இல்ல?"

"இல்ல அண்ணி. தறி மேல இருக்கற ஜக்கார்டு பொட்டில எலி பூந்துக்குது, அதான் சத்தம்."

"எலி நாடா போடுமாப்பா?"

நான் இலையைப் பார்த்தேன். அவள் குரலில் கோபம் இல்லை. காய்கறி விலை பேசுகிற குரல்.

"பலகையில துணி சுத்தினாலும் செவுத்துக்குக் கேக்கும்பா. எனக்குத் தெரியாதா? உங்கப்பா செத்தாரே, அன்னைக்கு உங்கண்ணனும் இங்க அதான் பண்ணாரு. விடிஞ்சா புடவை குடுக்கணும்னு. நாந்தான் என் பழைய பாவாடையக் கிழிச்சிக் குடுத்தேன். எதிர்ல உக்காந்து கரையும் தள்ளினேன்."

நியாயப்படி எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். பதினாறு நாளாக நெஞ்சில் சுமந்த கல் அது. நான் மட்டும் இல்லை, அவரும்தான். நாங்கள் மட்டும் இல்லை, இந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேரோ. அப்பாடா என்று எழுந்து கை கழுவியிருக்கலாம்.

வந்தது கோபம். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அந்த மனுஷன் மாலையோடு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாரே! நான் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய புடவையோ வளர்ந்துகொண்டிருந்ததா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

"எங்கப்பா பொணமா கெடந்தப்போ எப்பிடி அண்ணி மனசு வந்துது அவருக்கு?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல எழுந்து உள்ளே போய், இன்னும் இரண்டு வடை கொண்டு வந்து என் இலையில் வைத்தாள்.

நான் சாப்பிட்டேன்.