மூன்றாவது காயிலில் மஞ்சள் தண்ணீர்

2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். கிள்ளானில் தூறல், காற்றே இல்லை. மனைவியை முன் இருக்கையில் உட்கார வைத்து, பிரிக்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினேன். வலது கண்ணில் புரை அறுவை. இடது கண்ணிலும் பாதிப் பார்வைதான். ஒன்பதரைக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மறுபடி நான்கு மாதம். ஏற்கெனவே நூற்று இருபத்தாறு நாள் காத்திருந்தாயிற்று.

வாசலிலேயே கார் நடுங்கியது. நான்கு சிலிண்டர் வண்டி. மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி. மறுபடி மூன்று, மறுபடி இடைவெளி. முப்பது சுற்று எண்ணினேன். ஒன்றுகூட மாறவில்லை. மீட்டரில் எஞ்சின் விளக்கு மினுக்கியது. வாடகைக் காரை அழைத்தேன். மழை நேரம், இரண்டு பேர் ஏற்றுக்கொண்டு இரண்டு பேரும் ரத்து செய்தார்கள். மூன்றாவது தெருவில் தெரிந்த பட்டறை ஒன்று உண்டு. அங்கே மெல்ல உருட்டிக்கொண்டு போனேன்.

"ஏங்க, தூளியில ஆடுற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி. நான் இடைவெளிகளை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

ஏழு நாற்பதுக்குத்தான் பட்டறைக்காரர் இரும்புக் கதவைத் தூக்கினார். கருவியைச் செருகிப் பார்த்து, "மூணாவதுல தீப்பொறி இல்ல அங்கிள்," என்றார். அந்தச் சிலிண்டரின் மேலிருந்த, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை உருவினார். அதன் ரப்பர் முனை மஞ்சளாய் நனைந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

"மஞ்சள் தண்ணியா? நேத்து ஆயுத பூசையில யாரு எஞ்சினுக்கு அபிஷேகம் பண்ணுனது?"

"நான்தான்," என்றேன்.

காற்றுக் குழாயால் குழியை உலர்த்தினார். காயிலைத் திரும்பச் செருகி எஞ்சினை ஓட்டினார். அதே இடைவெளி. பிறகு மூன்றாவது காயிலை முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டார். இப்போது கருவி முதலாம் சிலிண்டரைக் காட்டியது.

"கோளாறு காயிலோடயே போவுது, பாத்தீங்களா? காயில் செத்துருச்சு. தெளிக்கலாம் அங்கிள், ஊத்தக்கூடாது லா!"

காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவரு பொய் சொல்றாரு தம்பி. நான்தான் ஊத்துனேன். தெளிச்சா எங்க விழுதுன்னு தெரியல. எதுக்கு வம்புன்னு ஒரு சொம்பு முழுசா ஊத்திட்டேன்."

பட்டறைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த வருசம் டயருக்கு மட்டும் ஊத்துங்க ஆன்டி."

"அடுத்த வருசம் எனக்குக் கண்ணு தெரியும்பா. கரெக்டா தெளிப்பேன்."

புதுக் காயிலை எடுத்துவர அவர் ஆளை அனுப்பினார். பதினெட்டு நிமிடம். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. தெருவில் போன கார்களின் பின்விளக்குகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் தட்டு அகலத்துக்குச் செம்பருத்தியாய் விரிகிறது என்றாள். அன்று காலை அவள் பார்த்த அளவு பூ நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நானும் பார்த்தேன். உண்மைதான், கொஞ்ச நேரம் நிமிடங்களை எண்ண மறந்துவிட்டேன்.

எட்டு பதினேழுக்கு எஞ்சின் சீராக ஓடியது. ஃபெடரல் நெடுஞ்சாலை நெடுக ஈரம் பளபளத்தது. வண்டி ஓடுவதே தெரியவில்லை. மேகத்தின்மேல் போவதுபோல இருந்தது. அவள் தூங்கிவிட்டாள். ஒன்பது இருபத்தாறுக்கு முகப்பில் அவள் பெயரைக் கொடுத்தேன். பதினொன்றே காலுக்கு ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டி வெளியே அழைத்து வந்தார்கள். "நல்லா முடிஞ்சுது," என்றாள் தாதி.

காயில் நூற்று அறுபது, கூலி இருபது. மொத்தம் நூற்று எண்பது ரிங்கிட்.