அவளுக்கு வந்த போன்

ஏழு வருடங்களுக்கு முன்பு நான் மைசூரு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். வந்து விழும் பாகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். அதே பிரிவில் இருந்த ராமாபுரத்துப் பெண் ஒருத்தியும் நானும் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். எனக்குக் கொள்ளேகால். ஊருக்குப் போகும் பஸ் ஒன்றே என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். சமையல் அவள், பாத்திரம் நான்.

அவள் பேசுகிற விதமே தனி. எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து பேசுவாள். "நான் என்ன செவிடா?" என்று ஒருநாள் கிண்டல் செய்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அவளுடைய அண்ணனுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டதாம். மெஷின் வைத்தாலும் பாதிதான் கேட்கும், மீதியை வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அவரோடு பேசிப் பேசி வந்த பழக்கம் என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது.

எங்கள் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, நகரத்தில் காது மெஷின் பொருத்தும் ஒரு கிளினிக்கில் உதவியாளர் தேவை என்று யாரோ சொல்ல, அவள் நேர்காணலுக்குப் போய்வந்தாள். பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்திருந்தால் போதும், வேலையை அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாத்தையும் சொல்லீட்டேன் புள்ள. அண்ணனைப் பத்தி, பேட்டரி மாத்தறதைப் பத்தி, ஊருல கிண்டல் பண்றதைக்கூட. அந்த மேடம் அப்பிடியே உக்காந்து கேட்டாங்க."

அவள் அவ்வளவு ஆசையாக ஒரு வேலையைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. ரீசார்ஜ் தீர்ந்து அவள் போனுக்கு அழைப்பே வராமல் கிடந்ததால், விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். சித்தி மகனுக்குக் காது குத்து என்று மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்கும் மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. அந்த மேடம்தான். அவளைக் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். இருந்த பெண் திடீரென்று நின்றுவிட்டதால் நாளைக் காலையே ஆள் வேண்டும், அவளுக்கு எப்படியாவது தகவல் சொல்ல முடியுமா என்றார்.

முடியும். அவளுடைய அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. அவரிடம் போனில் பேச முடியாதே தவிர, மெசேஜ் அனுப்பினால் உடனே பதில் வரும். ஆனால் நான், "ஆகாது மேடம், அங்கே டவரே இல்லை" என்றேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடு, மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று எங்கள் வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பயந்து, அந்த வேலை எனக்குக் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன். காரணம் இருக்கிறது என்பதற்காகப் பொய் உண்மையாகிவிடாது. மேடம் கொஞ்சம் யோசித்து, "நிமகே தமிழு பருத்தா?" என்று, தமிழ் வருமா எனக் கன்னடத்தில் கேட்டார். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவதால் தமிழ் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். தெரியும் என்றேன். நானும் பி.யூ.சி. என்பதை அவர் கேட்காமலே சொன்னேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கிளினிக் வாசலில் நின்றேன்.

அவள் ஊரிலிருந்து வந்தபோது பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். "உனக்காக விசாரிக்கத்தான் போனேன். உன்னை வேண்டாம்னுட்டாங்க, ஏன்னு சொல்லலை. ஆள் அவசரம்னு என்னைச் சேரச் சொன்னாங்க."

"போச்சாது போ. நம்ம ரெண்டு பேத்துல ஒருத்திக்காவது கெடச்சுதே" என்றாள். அன்று எனக்காக ரவா கேசரி கிண்டினாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் அவள் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே போய்விட்டாள். அவள் கூப்பிடுவாள், நான்தான் பேச்சைச் சீக்கிரம் முடிப்பேன். மெல்ல மெல்ல அதுவும் நின்றது. இங்கே மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வருகிறவர்களின் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசு என்பது. அது எனக்குக் கைவர இரண்டு மாதம் ஆனது.

போன வருடம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் கிளினிக்குக்குள் வந்தாள். கூடவே அவளுடைய அண்ணன், குடையை மடக்கிக்கொண்டு. அவருடைய மெஷின் காதில் நிற்காமல் லொடலொடவென்று ஆடுகிறதாம், காதின் அளவுக்குப் புதிய அச்சு எடுக்க வேண்டும். "நீ இருக்கறேன்னுதான் வேற எங்கயும் போகாம வந்தோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் உள்ளே வேறொருவருக்குப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். நான் அண்ணனுடைய மெஷின்களைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, அச்சு எடுக்கும் பசையை நிரப்பினேன். அது இறுக ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை தலையை ஆட்டக் கூடாது என்று சைகை காட்டினேன். அவர் சிலைபோல் உட்கார்ந்தார்.

அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "இங்க வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் ரெண்டு மூணு எடத்துக்குப் போனேன் புள்ள. எங்கயும் அண்ணன் இருக்கறதையே சொல்லலை. இவ அண்ணனுக்குன்னு லீவு போடுவா, மெஷின் சும்மா கேப்பான்னு நெனச்சுத்தானே இங்க வேண்டாம்னுட்டாங்க? ஒருக்கா அண்ணன் பலகாரம் எடுத்துக்கிட்டுக் கம்பெனி கேட்டுக்கு வந்துச்சு. யாருன்னு கூட இருந்தவங்க கேட்டாங்க. எங்க ஊர்க்காரருன்னு சொல்லீட்டேன். அது என் வாயவே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

அவள் அப்படி நினைத்துக்கொள்வாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வேலை போனதில் அவளுக்கு வருத்தம் இருக்கும், நாளடைவில் ஆறிவிடும் என்றுதான் என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

"உன்னை வேண்டாம்னு யாரும் சொல்லலை" என்றேன். "உனக்குத்தான் போன் வந்துச்சு. உன்னையேதான் கேட்டாங்க. நான்தான் உனக்குச் சொல்லலை."

திட்டுவாள், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப, அண்ணனைப் பத்திச் சொன்னதனால இல்லியா?"

"இல்லை. அதனாலதான் உன்னை அவங்களுக்குப் பிடிச்சிருந்தது."

அவள் திரும்பி, அவர் எதிரே போய்க் குனிந்து நின்றாள். முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து சொன்னாள். "உன்னால இல்லியாம்ண்ணா. உன்னால இல்லியாம்."

அவரும் ஆறு வருடமாக அப்படித்தான் நினைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை ஆட்டக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் அவர் ஆட்டவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அச்சை நான்தான் எடுத்தேன், இறுகும் முன்பே இழுத்ததில் ஒன்று கிழிந்துபோய் மறுபடியும் பசை நிரப்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது ஐந்து நிமிடமும் அவள் அண்ணன் எதிரிலேயே நின்றாள்.

அன்று மாலையே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. புதிய அச்சை வாங்கிக்கொள்ள அண்ணன் மட்டும்தான் வந்தார். கைகூப்பி, "நல்லாருக்குதுங்க" என்றார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவள் என் போனை எடுப்பதில்லை, மெசேஜைப் பார்க்கிறாள், பதில் எழுதுவதில்லை.

நான் அவளுடைய வேலையை எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் கூடப் பிறந்தவரை ஊர்க்காரர் என்று சொல்லும் அளவுக்கு ஒருத்தியை ஆக்கிவிட்டேன் என்பது ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.